ஆறாம் நம்பர் வூட்டுக் கதவு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றது. ஒன்று, பெங்களூரில் கட்டட வேலை நடந்த இடத்தில் தாயைப் பறிகொடுத்து நின்ற பிள்ளை. ஐந்தாவது என் பேத்தி தேன்மொழி. அவளைப் பெற்றதோடு என் மகள் போய்விட்டாள். துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள்.

இத்தனை பேரை வளர்த்தவளுக்குப் புதிதாகப் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பங்குனி மாதம். உச்சிப் பொழுது. ஆறாம் நம்பர் வூட்டுக்கு அன்றைக்குத்தான் கதவு மாட்டினார்கள். மாட்டியவர் பாப்பிரெட்டிப்பட்டி ரஹீம் பாய். அவர் மாட்டிய கதவை இன்னொருவர் வந்து சரிசெய்ததாக நான் கேட்டதில்லை. கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனார். நான் எதிரே மணல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது.

காற்றில் அடித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. வேப்பிலை ஒன்றுகூட ஆடவில்லை. இரண்டு கையிலும் பாரம் வைத்திருக்கிற ஆள் தோளால் தள்ளிக்கொண்டு வருவாரே, அந்த வேகத்தில் மெதுவாக முழுக்கத் திறந்து சுவரோடு போய் நின்றது.

பாய் எழுந்து வந்து சாத்தினார். திரும்பி நான்கு அடி வைப்பதற்குள் மறுபடி திறந்தது. அவர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். ரச மட்டம் வைத்துப் பார்த்தார். குமிழ் நட்ட நடுவில் நின்றது.

"கதவு நெல சாஞ்சிருந்தாத்தான் ஆயா தானாத் தொறக்கும். இது இம்மி சாயல" என்றார். கதவை இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டார். "தாழ்ப்பாள் போட்டே வெச்சிருங்க."

அதன் பிறகு அவர் வேப்ப மரத்தடியில் உட்காரவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்ச் சாப்பிட்டார்.

கிழங்கு ஆலை

வூடு என்று சொன்னேனே, அது முதலில் வூடு இல்லை. சேகோ ஆலை. சித்தேரி மலை அடிவாரத்தில், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்த இடம். ஆலை நின்று முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். கூரை ஓடு போய், உத்தரம் போய், கல் சுவரும் செங்கல் சுவரும் மட்டும் நின்றன. சுவர் வெடிப்பில் அரச மரம் முளைத்து வேரைத் தொங்கவிட்டிருந்தது. மழை பெய்தால் தரையிலிருந்து கிழங்கு மாவின் புளித்த வாடை இன்னும் எழும்பும். அரைத்தவர்கள் பாதிப் பேர் செத்துப்போனார்கள். வாடை போகவில்லை.

என் இரண்டாவது மகன் முருகேசன் கட்டட மேஸ்திரி. பெங்களூரில் என்னோடு தகரக் கொட்டகையில் வளர்ந்தவன். அவனோடு வேலை செய்யும் ஐந்து குடும்பங்களும் அப்படித்தான், வேலை முடிந்த இடத்தில் கொட்டகையைப் பிரித்து அடுத்த இடத்தில் போடுகிறவர்கள். ஊர் ஊராக மாடி கட்டிக் கொடுத்தவர்களுக்கு ஊரில் ஒரு சுவர் இல்லை. அந்த ஐந்து குடும்பமும் அவனும் சேர்ந்து இந்தப் பாழை வாங்கினார்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்து படம் போட்டுக் கொடுத்தாள். சுவரை இடிக்காமல், உள்ளுக்குள் ஆறு சின்ன வூடு. ஒரு அறை, சமையலுக்கு ஒரு மேடை, பக்கத்தில் குளியலறை, மேலே படுக்க ஒரு பரண், அதற்கு இரும்பு ஏணி. கட்டிலை மடித்துச் சுவரில் சாத்திக்கொள்ளலாம். கிழங்கு கழுவிய தொட்டி தண்ணீர்த் தொட்டியானது. கதவு எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றாள். உள்பக்கம் திறந்தால் அறையில் அந்த அளவு இடம் வீணாகுமாம். கெட்டிக்காரி.

ஐந்து குடும்பத்துக்கு ஐந்து வூடு. முருகேசனுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் மனைவி வழி வூடு இருக்கிறது, நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். அதனால் அவன் பங்கான ஆறாவதை, ஓரத்து வூட்டை, தேன்மொழிக்கு என்று சொல்லிவிட்டான். அவள் புருஷன் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறான். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். பிள்ளை பிறந்து சொந்த வாசலில் நுழைய வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அம்மா செத்தது வாடகை வூட்டில்.

சுவர் பார்க்கிற கண்

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்துக் கற்றது சுவரில். விளம்பரம் எழுதுகிற பெயிண்டர் ஆள் உயரத்துக்கு எழுத்துப் போடுவார். சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அதைப் பார்ப்பேன். இன்றைக்கும் என் எழுத்து பெரிசாகத்தான் வரும். நாலு வரியில் ஒரு பக்கம் முடிந்துவிடும். எப்போதாவது பட்டதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவேன், பிழையை அவர்கள் திருத்திக்கொள்கிறார்கள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எழுத்தைவிட எனக்குச் சுவரே நன்றாகப் படிக்க வரும். பெங்களூரில் ஒரு தடவை புதுச் சுவரைத் தட்டிப் பார்த்து, இது மழைக்கு நிற்காது என்றேன். மேஸ்திரி, சித்தாளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார். ஐப்பசியில் அது விரிந்தது. அதற்குப் பிறகு அவரே, இங்கே வந்து கொஞ்சம் தட்டிட்டுப் போம்மா என்று கூப்பிடுவார். நாற்பது வருடம் சாந்து சுமந்தவளுக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். அதை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

அந்தப் பெருமைதான் இந்தக் காரியத்தைச் செய்தது.

களவு போகாத அறை

ஆலையைப் பார்க்க முதல் தடவை போனபோது ஓரத்து அறையைக் கண்டு எல்லோருக்கும் சந்தோஷம். மற்ற இடங்களில் கதவு, ஜன்னல், நிலை, கம்பி எல்லாவற்றையும் யார் யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் மூட்டிய அடுப்புக் கரியும் சீட்டாடிய துண்டுக் காகிதமும் வௌவால் எச்சமுமாகக் கிடந்தன. இந்த ஓரத்து அறைக்கு மட்டும் கதவு இருந்தது. பூட்டும் இருந்தது. ஓட்டில்கூட ஒருவர் கை வைக்கவில்லை.

உடைத்துக்கொண்டு உள்ளே போனோம். தரை சுத்தமாக இருந்தது. ஒட்டடை இல்லை. சுவரில் ஒரு மாடம், அதில் கரி படிந்து ஓர் அகல், பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ஊற்றி வைத்த தண்ணீர் வற்றி, மறுபடி ஊற்றி, மறுபடி வற்றிப் படிந்த கோடு. அதை நான் வூட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் துலக்கினேன். அதில்தான் தண்ணீர் குடித்தேன், தினமும்.

ஆலைக்கு உள்ளே திறக்கிற அந்தப் பழைய கதவை அடைத்துவிட்டு, வெளிச்சுவரில் புது வாசல் வைக்க வேண்டும். எங்கே உடைப்பது என்று முருகேசன் யோசித்தான். நான் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பூச்சைச் சுரண்டினால் உள்ளே வேறு செங்கல், மண் சாந்து. யாரோ திறப்பை அடைத்த அடையாளம்.

"எடா, இங்க முன்னாடியே வாசல் இருந்திருக்குது. இத ஒடச்சா போதும்" என்றேன்.

"அம்மாவுக்குச் சுவரே பேசும்" என்று அவன் ஆட்களிடம் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

உடைத்தபோது பார்த்தேன். அடைத்த இடம் என் மார் உயரம்தான் இருந்தது. அகலமோ இரண்டு வாசல் அகலம். மேலே தாங்கு கல் இல்லை, கீழே வாசற்படி இல்லை, கதவு மாட்டிய துளை இல்லை. வாசல் என்றால் இவையெல்லாம் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் சொன்னது தப்பு என்று பத்து ஆம்பிளைகள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. உயரத்தை ஏற்றி, அகலத்தைக் குறுக்கி, நிலை வைத்தார்கள். நிலைக்கு மஞ்சள் பூசியது நான்தான்.

மாதம்மா வரப்பில் நின்றது

ஆலையை ஒட்டிய கொல்லையில் மாட்டுக்குப் புல் அறுக்க மாதம்மா என்று ஒருத்தி வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அந்தக் காலத்தில் இதே ஆலையில் கிழங்குத் தோல் சீவியவள். தினமும் பார்க்கிறேன், நேர் வழியில் வருகிறவள் ஓரத்து வூடு வந்ததும் இறங்கி, வரப்பைச் சுற்றிக்கொண்டு போவாள். தலையில் புல் கட்டு இருந்தாலும் சுற்றித்தான் போவாள்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, ஏன் இப்படிச் சுற்றுகிறாய் என்று கேட்டேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வரப்பில் நின்றபடியே பேசினாள். கிட்டே வரவில்லை.

"யக்கா, அந்த எடத்துலயேவா வாசல் வெச்சீங்க?"

"ஏன், அங்க வாசல்தான இருந்துச்சு?"

"வாசலா?" என்றாள். புல் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

அந்த அறையில் வாட்ச்மேன் குடும்பம் இருந்தது. அவன் மனைவி நிறைமாதமாக இருந்து, வலி எடுத்து, வண்டி வருவதற்குள் செத்துப்போனாள். செத்தது அடைப்பு என்று சொல்கிற கெட்ட நட்சத்திரத்தில். எங்கள் பக்கத்தில் அப்படி ஆனால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். சுவரை உடைத்து, அந்த வழியாக எடுத்துப்போய், உடனே அடைத்துவிடுவார்கள். செத்தவர் மறுபடி வழி கண்டுபிடித்து வரக் கூடாது என்பதற்காக. அறையையும் ஆறு மாதம் பூட்டி வைத்து, பொழுது சாய ஒரு விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்தால் செய்ய வேண்டியதைச் செய்து திறப்பார்கள்.

"நாலு மாசம் அந்த வாட்ச்மேன் வெளக்கு வெச்சான். அப்புறம் ஆலைய மூடிட்டாங்க. அவனையும் போகச் சொல்லிட்டாங்க. மிச்சம் ரெண்டு மாசம் யாரும் வெக்கல யக்கா. யாரும் தொறக்கவும் இல்ல."

படுத்தபடி போகிற ஆளுக்கு வாசல் உயரமாக இருந்து என்ன ஆகப்போகிறது? அகலம்தான் வேண்டும். எனக்கு அப்போதுதான் அந்தத் திறப்பின் கணக்குப் புரிந்தது. இத்தனை வருடம் அடைத்திருந்த வழியை நானே கை நீட்டிக் காட்டித் திறந்திருக்கிறேன். அதற்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஏழு மாதக் கர்ப்பிணியை அந்த வழியாகவே உள்ளே கூப்பிடப்போகிறேன்.

வூட்டுக்குப் போய்ச் சொம்பைப் பார்த்தேன். நான் குடித்த மிச்சம் பாதித் தண்ணீர் அதில் இருந்தது.

பால் காய்ச்சிய அன்று

விடியும் வரை யோசித்தேன். உண்மையைச் சொன்னால் ஆறாவது மட்டும் இல்லை, ஆறு வூட்டுக்கும் ஆள் வராது. ஐந்து குடும்பமும் மறுபடி தகரத்துக்குப் போகும். இது அவர்களுக்காக யோசித்தது. இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த இடத்தைக் காட்டியது நான் என்று சொல்ல வேண்டும். அது என்னால் முடியவில்லை.

பால் பொங்குகிற நேரத்தில் தேன்மொழி பட்டுப் புடவை கட்டி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆறாம் நம்பர் முன்னால் வந்து நின்றாள். கையில் குத்துவிளக்கு. வலது காலை எடுத்து வைக்கப்போனாள்.

நான் குறுக்கே போய் வாசலை மறித்துக்கொண்டேன்.

"இந்த வூடு எனக்கு வேணும்" என்றேன்.

எல்லோரும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். முருகேசன், "எம்மா, நகருங்க, நேரம் போவுது" என்றான். நான் நகரவில்லை. நாற்பது வருடம் சாந்து சுமந்தவளுக்குச் சாவதற்கு முன்னால் ஒரு வூடு வேண்டாமா என்று கேட்டேன். மருமகள் பக்கத்தில் இருந்தவளிடம், கெழவிக்கு ஆசையப் பாரு, புள்ளத்தாச்சி வூட்டப் புடுங்கறதுக்கு என்றாள். காதில் விழத்தான் சொன்னாள்.

தேன்மொழி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விளக்கை என் காலடியில் வைத்தாள்.

"நீ கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே ஆயா."

அன்றைக்கே வத்தல்மலையில் இருக்கிற மாமியார் வூட்டுக்குப் போய்விட்டாள். நான் இடது காலை வைத்து உள்ளே நுழைந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம்

சொம்பை மாடத்தில் திருப்பி வைத்தேன். அகலையும் வைத்தேன். வாட்ச்மேன் விட்ட மிச்சம் இரண்டு மாதத்தை நான் ஆரம்பித்தேன். பொழுது சாய விளக்கு, ஒரு சொம்புத் தண்ணீர். காலையில் தண்ணீர் குறைந்திருக்கும். பழைய ஓட்டை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போட்ட கூரை, வெயில் காலம், வற்றும்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் மழை பெய்து சுவரில் ஓதம் ஏறிய நாளிலும் அதே அளவுதான் குறைந்தது.

மற்றபடி நல்ல வூடு. பொய் சொல்லக் கூடாது. கை நீட்டினால் அடுப்பு, கால் நீட்டினால் கட்டில். மேலே கண்ணாடி வைத்த இடத்தில் வெளிச்சம் வந்து தரையில் சதுரமாக விழும். மற்ற ஐந்து வூட்டிலும் குக்கர் சத்தம், டிவி சத்தம், சண்டை, எல்லாம் உண்டு. என் வூட்டுக்குள் வந்ததும் அந்தச் சத்தம் தணிந்துவிடும். சுவர் தடிமன் என்று முருகேசன் சொன்னான். எல்லா வூட்டுக்கும் அதே சுவர்தான்.

உச்சிப் பொழுதில் தாழ்ப்பாள் லேசாக ஆடும். உள்ளேயிருந்து வெளியே தள்ளினால் எப்படி ஆடுமோ அப்படி. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கதவுக்கும் எனக்கும் நடுவில் நாலு அடிதான்.

ஆனி மாதத்தில் தேன்மொழிக்குத் தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் போகவில்லை. இந்த வூட்டிலிருந்து எழுந்து போய்ப் பச்சைக் குழந்தையைத் தொட எனக்குத் துணிவில்லை. வூட்டைப் பிடுங்கியதோடு பிள்ளையைப் பார்க்கவும் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். போனில் ஒரு படம் வந்தது. முருகேசன்தான் காட்டினான்.

மிச்ச நாள் முடிந்த அன்றைக்குச் செய்ய வேண்டியதை எனக்குத் தெரிந்தவரை செய்தேன். வெற்றிலை, பழம், ஒரு புதுப் புடவை, ஒரு குழந்தைச் சட்டை. எல்லாவற்றையும் மாடத்தின் கீழே வைத்து, போம்மா என்று சொன்னேன். பிறகு உச்சிப் பொழுதில் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சதுரம் தரையில் நகர்ந்துகொண்டே போனது. முடிந்தது என்று எழுந்தேன்.

கதவு திறந்தது. பாதி மட்டும்.

முன்பெல்லாம் முழுக்கத் திறக்கும். இப்போது வரை பாதிதான் திறக்கிறது. போகிறவர்கள் கதவை முழுக்கத் திறந்துகொண்டு போவார்கள். பாதி திறப்பது எட்டிப் பார்ப்பதற்கு. யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு.

இந்த வாசலை அடைக்க வேண்டும். கிழக்குச் சுவரை உடைத்து வேறு வாசல் வைக்க வேண்டும். முருகேசனிடம் இரண்டு தடவை சொன்னேன். நல்லா இருக்கற வாசல எதுக்கும்மா அடைக்கணும் என்று கேட்டான். காரணம் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயசாகுது என்று அவன் மனைவியிடம் சொன்னதைக் கேட்டேன்.

அதனால்தான் இதை எழுதினேன். மற்ற ஐந்து குடும்பத்தாரும் படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வூட்டுச் சுவரை எல்லாம் ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்துவிட்டேன். ஒரே சத்தம்தான், எங்கேயும் மாறவில்லை. என் கண்ணை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள்.

ஜன்னல்

அதுவரை எழுதி முடித்த நேரத்தில் வெளியே வண்டி நிற்கிற சத்தம் கேட்டது; இந்தக் கடைசிப் பக்கத்தை அப்புறம்தான் எழுதிச் சேர்த்தேன். தேன்மொழி. ஏழு மாதம் கழித்து வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. முகம் கோபமாகத்தான் இருந்தது, ஆனால் குழந்தையைக் காட்டத்தான் வந்திருந்தாள். மணி பன்னிரண்டு ஆகப்போகிற நேரம். தாழ்ப்பாளை நான் போடவில்லை.

கதவைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"தொடாத" என்றேன். "அங்கயே நில்லு. ரெண்டு அடி பின்னால போ."

அவள் கை அப்படியே நின்றது. "எம் புள்ளைய உள்ள கொண்டாரக் கூடாதா ஆயா?"

எழுதிய காகிதத்தை எல்லாம் வாரி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கம்பி வழியாக நீட்டினேன்.

"ஜன்னல் பக்கமா வா கண்ணு. எடத்தக் காட்டுனது நான்தான், அதையும் எழுதியிருக்கறன். என் கண்ணுக்கு எழுத்து மங்குது. எழுதுனது சரியா இருக்குதான்னு தெரியணும். மொதல் வரியிலேர்ந்து சத்தமாப் படி. முடிக்கற வரைக்கும் உள்ள வராத."